கோடிட்ட இடத்தை நிரப்புகிறவர்

படக்கடை ஜன்னல் விளக்கவுரையாளர் என்று ஓர் இனம் உண்டு. லண்டனில் எங்கள் தெருவில் கேலிப்படம் அச்சடித்து விற்கும் கடைகள் நான்கு. ஜன்னலுக்கு ஒருவராக இந்த இனத்தாரும் நால்வர். படம் வாங்கமாட்டார். வாங்குகிறவனை நிம்மதியாகச் சிரிக்கவும் விடமாட்டார். நீங்கள் கண்ணாடியருகே போய் நின்று வாயைத் திறப்பதற்குள் உங்கள் தோளுக்கு மேலாக ஒரு கைத்தடி நீண்டு வந்து 'டொக்' என்று கண்ணாடியை இடிக்கும்.

"அந்த மூலையில தவளை தெரியுதா? அது சும்மா தவளைன்னா நினைச்சீங்க?"

அதுவரை அது சும்மா தவளைதான். எனக்குத் தெரியாதா? பச்சை பூசியவனே நான்தானே!

பொல்லார்டு அம்மாள் கடையில் படங்களுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. எங்கள் ஜன்னலுக்கு வாய்த்தவர் மெழுகுவத்தி வியாபாரி டோபியாஸ் கிம்பிள். கடலுக்கு அந்தக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் சிறையை இடித்த நாளிலிருந்து அவருக்குத் தன் கடையைத் திறக்க நேரமில்லை. சிறையை இடித்தபோது எங்கள் படங்களில் அவர்கள் வீரர்கள். பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்தியபோது குரங்குகள். போன செப்டம்பரில் ஆட்களை வெட்டிச் சாய்த்தபோது நரமாமிசம் தின்னும் பேய்கள். நாங்கள் மூன்று முறை புத்தி மாறினோம். கிம்பிள் மூன்று முறையும் "நான் அப்பவே சொன்னேனே!" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் யாரையாவது கேலி செய்தால் பெயரை முழுசாக எழுதமாட்டோம். ஒரு கோடு போட்டு விட்டுவிடுவோம். பார்க்கிறவன் மனசுக்குள் நிரப்பிக்கொள்வான். மனசுக்குள் என்பதுதான் முக்கியம். பெயரே இல்லாதபோது யாரை அவமதித்ததாக வழக்குப் போடுவது? அந்தக் கோட்டின் மறைவில்தான் நாங்கள் சோறு தின்றோம். கிம்பிளோ வாய்விட்டு நிரப்புவார். அதுவும் எதிர்ச்சாரியில் நிற்கும் குதிரைக்குக் கேட்கும்படி.

ஜனவரியில் பிரெஞ்சு ராஜாவின் தலை போயிற்று. இங்கே ராஜபக்திச் சங்கத்தார் நோட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ராஜாவைப் பழித்த ஒரு துண்டுப் பிரசுரம் விற்றதற்காக அடுத்த கடைக்காரர் ஏற்கெனவே சிறையில் இருந்தார். அந்த நேரத்திலா நாங்கள் அந்தப் படத்தை ஜன்னலில் மாட்டவேண்டும்? மாட்டினோம். ஒரு தடித்த மனிதர் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கிறார். ஒரு கையில் வறுத்த மாட்டுத்தொடை. மறு கை கழுத்தைத் தடவுகிறது. தலையில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. கீழே: 'திருவாளர் ——, செய்தி கேட்டபோது.'

சங்கத்துக்காரர் வந்தார். மெலிந்த ஆள், கூர்மையான பென்சில்.

"இது யாரும்மா?"

"யாரோ ஒரு தடியர் ஐயா. பசிக்காரர்" என்றாள் பொல்லார்டு அம்மாள்.

'டொக்!'

"என்னம்மா, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசறீங்க? அது கிண்ணமா? கிரீடம்! இது சாட்சாத் நம்ம ராஜா!"

ஜன்னலில் நின்ற கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பொல்லார்டு அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். விதவை, இரண்டு பெண்கள் மாடியில் இருக்கிறார்கள். எனக்குக் கிம்பிளின் கைத்தடியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடவேண்டும் போல இருந்தது.

பென்சில் ஓடியது. பிறகு கிம்பிள் பக்கம் திரும்பியது. "நம்ம ராஜான்னு சொன்னது நீங்கதானே? உங்க பேரு?"

அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. "நம்ம ராஜாவா? ஐயையோ! நான் சொன்னது பிரெஞ்சு ராஜாவை!"

"பிரெஞ்சு ராஜாவுக்கு இப்ப தலை கிடையாது. இவருக்கு இருக்கே?"

"இது... அதுக்கு முந்தின நாள்."

"செய்தி கேட்டபோதுன்னு போட்டிருக்கு. தன் தலை போன செய்தியை அவரே முந்தின நாள் கேட்டாரா?"

பொல்லார்டு அம்மாள் கதவை விட்டாள். முந்தானையில்லாத நாட்டில் மேலங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்: "மறைச்சு என்ன ஐயா பண்றது? தினம் வந்து ஜன்னலை மறைக்கிறாரேன்னு இவரைத்தான் வரையச் சொன்னேன். வயித்தைப் பாருங்க, படத்தைப் பாருங்க."

நான் கையிலிருந்த பிரதியில், பெயருக்கான கோட்டின் மேல், மெழுகுவத்தி வியாபாரிக்கு அடையாளமாக அவசரமாக நாலு சொட்டு மெழுகு வரைந்து நீட்டினேன். சங்கத்துக்காரர் படத்தையும் கிம்பிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதானா?"

நான்கு வருஷமாக ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் உரை எழுதியவர், ஈரமான வாத்து போல நின்றார்.

"ஆமா. நான்தான்."

"சத்தமா."

"நான்தாங்க!"

சிரிப்பு தெருக்கோடிவரை போனது. நோட்டுப் புத்தகம் மூடிக்கொண்டது. அன்றைக்கே இருநூறு பிரதிகள் விற்றன.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுவாரமே ஜன்னலில் நின்றார். "மூக்கை கவனிங்க, என்ன ஒரு கம்பீரம்!" என்று தன்னையே விளக்கிக்கொண்டிருந்தார்.

பாவம், அவரை விடுங்கள். எங்கள் தெருவின் பெயரை நான் சொல்லவில்லை. பொல்லார்டு, கிம்பிள் எல்லாம் நான் வைத்த பெயர்கள். ஆனாலும் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் வந்திருக்குமே? "அட, இது அவரேதான்!" என்று பக்கத்திலிருப்பவரிடம் பெயரோடு சொல்லிவிட்டீர்களா? போயிற்று. கைத்தடியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைந்துவிடப் போகிறது.