கால் செக்கனில் வழிந்த தொட்டி

படித்த திமிர் என்று ஒன்று உண்டு. முதல் வேலைக்குப் போனபோது எனக்கு அது தாராளமாகவே இருந்தது.

ஜெயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புது அரிசி ஆலை. நெல் ஊறவைக்கும் ஐந்து தொட்டிகளிலும் நீர்மட்டம் பார்க்கும் சென்சர்கள். எல்லாம் ஒரே கேபிளில். கன்ட்ரோலர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டு, மட்டத்தைத் திரையில் காட்டும்; தொட்டி நிரம்பினால் பம்பை நிறுத்தும். ஒரு சுற்றுக்குக் கால் செக்கன் என்று துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டு, கீழே இரண்டு கோடு கீறி முதலாளியிடம் நீட்டினேன். (சட்டம் போட்டு மாட்டச் சொல்லாததுதான் குறை.) அந்தத் துணிவில், பம்பு நிற்கவேண்டிய மட்டத்தை விளிம்புக்கு நாலு விரல் கீழே வைத்தேன். திறப்பு விழா ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம். பிழை நடந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

விழாவன்று காலை முதலாளி வந்தார்.

"தம்பி, பிறகு வாங்கப்போற மூண்டு தொட்டியையும் இப்பவே கன்ட்ரோலரில பதிஞ்சு விடுங்கோ. இண்டைக்கு நல்ல நாள்."

பதிந்தேன். கணக்கை மறுபடி பார்க்கவில்லை.

தேங்காய் உடைத்துப் பம்பைப் போட்டார்கள். தொட்டி நிரம்பியது. பம்பு நிற்கவில்லை. படையல் வாழைப்பழம் மிதந்து போனது. முதலாளியின் பட்டு வேட்டி முழங்கால்வரை நனைந்தது.

"தம்பி! இஞ்ச தொட்டி வழியுது, உங்கட திரையில இன்னும் நிரம்பேல்லையே!"

கத்தியவர் தொட்டிகளுக்குப் பொறுப்பான செல்வமணி அக்கா. கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினார். நான் திரையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

கன்ட்ரோலரைக் குற்றம் சொல்ல முடியாது. இல்லாத மூன்று தொட்டிகளையும் அது மும்மூன்று தரம் கூப்பிட்டு, ஒவ்வொரு தரமும் ஒரு செக்கன் பதிலுக்காகக் காத்திருந்தது. என் கால் செக்கன் ஒன்பதேகால் செக்கனாகியிருந்தது; அந்தப் பெரிய பம்புக்கு நாலு விரலைத் தாண்ட அது தாராளம்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்.

"முதலாளி, பொங்கல் பானை வழிஞ்சால் நல்லதெண்டுதானே சொல்லுவினம்? முதல் நாளே தொட்டி வழிஞ்சிட்டுது. ஆலை நல்லா வரும், பாருங்கோ."

கூடியிருந்தவர்கள் "ஓம், ஓம்" என்றார்கள். முதலாளி வேட்டியைப் பிழிந்தார். பிறகு சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது.

நன்றி சொல்லப் போனேன். "முதல்ல அந்தக் கணக்கைத் திருத்துங்கோ" என்றார் அக்கா. திருத்தினேன். இன்று பல ஆலைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அக்கா அன்று வாய் திறந்திராவிட்டால் இதெல்லாம் இல்லை.

தைப்பொங்கல் காலையில் அவருடைய அழைப்பு தவறாமல் வரும். மனைவி ஸ்பீக்கரில் போடுவாள். அவர் பேசுமுன்னே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

"தம்பி, எங்கட பானை பொங்கிட்டுது. உங்கட திரையில வந்திட்டுதோ, இல்லாட்டி இன்னும் ஒன்பது செக்கன் பொறுக்கட்டோ?"