கறுப்பு டயலும் நீல டயலும்

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் நீங்கலாக நான் நலம். நாக்கு நீங்கலாக நீயும் அடக்கமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

அண்ணன் நம் இருவருக்குமாக விட்டுச்சென்ற இரண்டு ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களும் நேற்று வந்து சேர்ந்தன. ஒரே கம்பெனி, ஒரே எஃகு உடல், ஒரே இயந்திரம். டயல் மட்டும் ஒன்றில் கறுப்பு, மற்றதில் கருநீலம். ஒரே கடிகாரத்தை இரண்டு முறை வாங்கிய மனிதரையா நாம் ஆயுள் முழுக்கக் கஞ்சர் என்று ஏசினோம்! பிரிப்பவள் ஒருத்தி, முதலில் எடுப்பவள் மற்றவள் என்பது நம் வீட்டுச் சட்டம். பெட்டியைப் பிரித்தவள் நான். ஆகவே தேர்வு உன்னுடையது. நீ பார்க்காமல் தேர்ந்தெடுக்க வேண்டுமே என்று நடுநிலையோடு வருணிக்கிறேன். தத்துவத்தில் முனைவர் பட்டம் வேறு எதற்கு?

கறுப்பு கம்பீரமானது, முட்கள் பளிச்சென்று தெரியும். நீலமோ விளக்கடியில் ஒரு நிறம், விலகினால் இன்னொரு நிறம். பெரியப்பாவின் வாக்குறுதியைப் போல நம்பத்தகாதது. நீ கறுப்பை எடுத்துக்கொள். சரி, மூடி மறைப்பானேன்? நீலத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள், இப்போது அதைக் கழற்றாமல் குளிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

இவை கை அசைந்தால்தான் ஓடும். நான் அசைப்பதோ வாயை மட்டும். இரண்டும் நின்றுபோயின. ஓடவிட்டு ஒப்பிடலாமென்று வெயில் கண்ணை உறுத்தியதால் திரையை இழுத்துவிட்டு, வலக்கையில் நீலம், இடக்கையில் கறுப்பு கட்டி, கூடத்தில் கைவீசி நடந்தேன். ஆண்களுக்கான அளவாதலால் இரண்டும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஊர்வலம் போயின. உள்ளே வந்த மருமகள், “யாரை அத்தை கூப்பிடறீங்க?” என்றாள். டயல்களை ஒப்பிடுவதாக விளக்கினேன்.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

“கண்ணு இருக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியும்மா,” என்றேன். அந்த மிதப்பு குறைவதற்குள் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் பற்களும் என் பிடிவாதமும் நெடுங்காலம் ஆடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையைத் தேட ஜன்னல் திரையை விலக்கினேன். வெயிலில் பார்த்தால் வலக்கையில் இருப்பது கறுப்பு. காலையிலிருந்து நீலம் என்று நான் கொஞ்சியது இதைத்தான். மருமகளிடம் மூச்சு விடாதே. நீலத்தையே நீ எடுத்துக்கொள். மேலே அதற்குச் சொன்ன குறைகளெல்லாம் உண்மையில் கறுப்பினுடையவை; அவற்றோடு நான் எப்படியோ காலம் தள்ளிக்கொள்கிறேன்.