எடுத்த துருவை எடுத்த இடத்தில் வைக்கவும்

ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் நகரத்து எகோன் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதன். ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரிந்தால்தான் கடப்பான். அப்படிப்பட்டவனுக்குத்தான் நிலவறையில் கொள்ளுத்தாத்தாவின் சவரக்கத்தி அகப்பட்டது. எலும்புப் பிடி, நூற்றுப்பத்து வயது, உடம்பெல்லாம் துரு.

அந்த வருஷம் ஊரில் பழைய சவரக்கத்தி வைத்திருப்பது நாகரிகம். சவரம் செய்துகொள்வதுதான் நாகரிகம் இல்லை. மார்புவரை தாடி விட்ட வாலிபர்கள் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடாத குறை. எகோனும் சும்மா இருக்கவில்லை. "இதைச் சரிபண்ணி, கல்யாணத்தன்னிக்கு இதாலதான் ஷேவ் பண்ணுவேன்" என்று பீர் கடையில் சவால் விட்டுத் தாடி வளர்த்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பதிவுத் திருமணம். அடையாள அட்டையில் அவன் முகம் மழமழவென்று இருந்தது. நேரிலும் அப்படியே இல்லாவிட்டால் திருமணம் இல்லை என்று பதிவாளர் எழுத்துமூலம் தெரிவித்திருந்தார். மணப்பெண் ஊட்டே அதையே வாய்மொழியாகத் தெரிவித்திருந்தாள்.

எண்ணெய் போட்டுத் தேய்த்து, ஒரு பக்கத்துத் துருவை எடுத்துவிட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். சத்தம் போடக்கூடாத மதிய ஓய்வு நேரத்தில் பால்கனியில் கத்தி தேய்க்கலாமா என்று கேட்க நகர அலுவலகத்துக்குப் போனான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கச் சொல்லாத ஏதோ ஒரு அனுமதியைக் கேட்கத்தான் அவர்களும் வந்திருந்தார்கள்.

நாலு ஜன்னல் அலைக்கழித்து, பழம்பொருள் பாதுகாப்புப் பிரிவில் கொண்டுபோய் விட்டார்கள். அதிகாரி ப்ராஸ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கத்தியை வாங்கினார்.

"நூறு வயசு தாண்டிருச்சு. அப்ப இது பாதுகாக்கப்பட்ட சின்னம். இந்தப் பக்கத்துத் துரு எங்கே?"

"எடுத்துட்டேன் ஐயா."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? துருவுக்கும் நூறு வயசு. எடுத்ததை எடுத்த இடத்துலயே வைக்கணும்."

"துருவை எப்படி ஐயா திரும்ப வைக்கிறது?"

"அது விண்ணப்பதாரர் பொறுப்பு. பழைய துருவா இருக்கணும். புதுசு வச்சா மோசடி."

"கல்யாணம் ஐயா. இந்தத் தாடி?"

"அதுக்கு என்ன வயசு?"

"மூணு மாசம்."

"எங்க பிரிவுல வராது" என்று கத்தியை உறையில் போட்டு முத்திரை குத்தினார்.

கல்யாணத்தன்று எகோன் தாடியும் சோகமுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தான். அழைத்துப்போக வந்து, நடந்ததைக் கேட்ட ஊட்டேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவன் உன்னைக் கேக்கச் சொன்னான்? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

கடைக்கு ஓடிப் பத்தே நிமிஷத்தில் ஒரு பிளாஸ்டிக் ரேசரோடு வந்தாள். அவனைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் கழுத்தில் துண்டைக் கட்டினாள். எகோனுக்கு உயிர் வந்தது. குழாயில் கை வைத்தவள் நின்றாள்.

"மணி என்ன?"

"ஒண்ணு அஞ்சு."

"ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரமாச்சே. குழாயைத் திறந்தா கீழ்வீட்டுக்குக் கேக்கும். எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"வெள்ளிக்கிழமை பதிவாளரைத் தவிர எல்லாரும் பன்னிரண்டுக்கே மூடிடுவாங்க."

"அப்ப திங்கக்கிழமை கேட்டுட்டு ஷேவ் பண்ணிடலாம்."

எகோனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பெண் ஆயிரத்தில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டான். சரியாக மூன்று மணிக்குப் பதிவாளர் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, 'மணமக்கள் வரவில்லை' என்று முறைப்படி எழுதி முத்திரை குத்தினார்.