சன்னிக்கு அகல டயர் போட்ட விவகாரம்

அம்பிட்டிய,
கண்டி.
12.07.1998

பெருமதிப்புக்குரிய மச்சான் செல்லச்சாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் அழகமுத்து பணிவுடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். வத்தளையில் தாங்களும் அக்காவும், மணப்பெண் பரிமளமும் சுகமாயிருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம். மனிதர்கள் என்று தனியாகப் பிரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. பதறாமல், முடிந்தால் கதிரையில் உட்கார்ந்துகொண்டு மேலே வாசிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை வடிவம்மா போனில், "கார் மேல ஒரு பழம் விழுந்திருச்சி அண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். தாங்களும் மாம்பழம் என்று நினைத்துச் சிரித்தீர்களாம். அது மாம்பழம் அல்ல. விவரத்தை நானே போனில் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுப் போனில் நான் ஒரு வரி சொன்னால் அவள் பக்கத்தில் நின்று இரண்டு வரி திருத்துவாள். கதை நான் நினைக்கிற பக்கம் போகாது. அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் பரிமளத்தின் கல்யாணத்துக்கு என்னுடைய சன்னிதான் பெண் அழைப்புக் கார் என்று தாங்கள் வாய்விட்டுக் கேட்டீர்கள். நகரசபையில் முப்பது வருடம் தண்ணீர் வரி எழுதி ஓய்ந்தவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? அந்த மரியாதையோடு ஒரு நாள் பஞ்சர் ஒட்டுவதற்காகக் கட்டுகஸ்தோட்டையில் முஹ்ஸினுடைய டயர் கடைக்குப் போனேன். முஹ்ஸின் கெட்டவன் அல்ல, ஆனால் வாய் இருக்கிறதே. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒங்கட சன்னி நல்ல பெரிய மனிசன் மாதிரி ஈக்கி. ஆனா கால்ல போட்டிருக்கிறது சின்னப் புள்ளையிட செருப்பு" என்றான். அதற்குப் பிறகு நான் என் காரைப் பார்த்தபோதெல்லாம் அந்தச் செருப்புத்தான் தெரிந்தது. கல்யாணக் கார் அப்படிப் போய் மண்டப வாசலில் நிற்கலாமா? நீங்களே சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த அலோய் வீல் ஒரு செட் அவனிடம் இருந்தது. ஐந்து இதழ் விரித்த பூ மாதிரி பளபளவென்று, பழையதைவிடப் பெரிதாக, அதற்கேற்ற டயரும் மூன்று விரல் அகலம் கூடுதலாக. "இன்சூரன்ஸ்ல சொல்லணுமா?" என்று கேட்டேன் மச்சான், கேட்காமல் இல்லை. "டயருக்கெல்லாம் ஆரு ஐயா சொல்ற?" என்றான். தாங்கள் பொலிசி எழுதித் தந்தபோது, வண்டியில் எதை மாற்றினாலும் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போட வேண்டும் என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் மாற்றம் என்றால் எஞ்சின், நிறம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். டயர் தேய்ந்தால் எல்லோரும் மாற்றுவதுதானே என்று மனம் ஒரு பக்கம் வக்கீல் வேலை பார்த்தது. பழைய சக்கரங்களை முஹ்ஸினின் மச்சான் ஹபீல், அலவத்துகொடையில் ஏலக்காய் மிளகு வியாபாரம் செய்கிறவர், அவரும் ஒரு சன்னி வைத்திருக்கிறார், அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் இரண்டு நாள் நான் ராஜா. மூன்றாம் நாள் தென்னக்கும்புரப் பக்கம் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டி நிறுத்தி, "மஹத்தயா, ஏன் இவ்வளவு ஸ்பீட்?" என்றார். என் மீட்டரில் முள் நாற்பதுக்கு மேல் ஏறவே இல்லை, சத்தியம். அவர் கையிலிருந்த கருவியைக் காட்டினார், அதில் வேறு எண். என் வயதையும் வெள்ளை முடியையும் பார்த்துவிட்டுப் புத்தி சொல்லி அனுப்பினார். முஹ்ஸினிடம் போய்க் கேட்டால், "பெரிய டயர் ஐயா, ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது தானே" என்று ஏதோ நல்ல செய்தி மாதிரிச் சொல்கிறான். அதற்குப் பிறகு வளைவுகள். அம்பிட்டிய ஏற்றத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் மட்காட்டில் உரசி, கர் கர் என்று ஒரு சத்தம். வடிவம்மா பின்சீட்டிலிருந்து, "யாருங்க உள்ளுக்குள்ள தேங்கா திருவுறது?" என்று கேட்டாள். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான வில்லங்கம் கொட்டகையில் வந்தது. நம் வீட்டுக் கார் கொட்டகையை நானே அளவெடுத்துக் கட்டினேன் என்பது தங்களுக்குத் தெரியும். காரை அளந்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு, தூண் நிறுத்தினேன். புது டயர் இரண்டு பக்கமும் மட்காட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது, மலைச்சரிவில் வளைத்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும், டயர் உரசுவதால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கவும் முடியவில்லை, தூண் விடவில்லை. முன்னே போய்ப் பார்த்தேன், பின்னே வந்து பார்த்தேன், வடிவம்மாவை முன்னால் நிறுத்திக் கை காட்டச் சொன்னேன், அவள் "வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே சமையலுக்குப் போய்விட்டாள். கடைசியில் முற்றத்தில் பலாமரத்து நிழலில் நிறுத்தினேன். நல்ல நிழல். மரத்தில் பழமும் நல்ல காய்ப்பு.

போன மாதப் பௌர்ணமி, போயா லீவு நாள், மத்தியானம். நான் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் பஸ் மோதிவிட்டது என்றுதான் நினைத்தேன், அப்படி ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் காரின் கூரை இட்லிச்சட்டி மாதிரி உள்ளே குழிந்து, பின்கண்ணாடி தூளாகி, இரண்டு ஆள் தூக்குகிற ஒரு பலாப்பழம் பின்சீட்டில் பிளந்து உட்கார்ந்திருக்கிறது, கல்யாணப் பெண் உட்கார வேண்டிய இடத்தில். பரிமளத்தின் முகம்தான் கண்ணில் வந்தது. அயலவர் எல்லோரும் ஓடி வந்தார்கள். அடுத்த வீட்டுக் காளிமுத்து காருக்குள் தலையை விட்டு, "ஐயையோ, ஐயையோ" என்று உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு ஒரு விரலை விட்டு எடுத்து வாயில் வைத்தார். "அண்ணே, வருக்கை!" என்றார். அந்த ஒரு வார்த்தைதான், பலாவில் அதைவிட உசத்தி உண்டா? வடிவம்மா கத்தியும் தேங்காய் எண்ணெயும் கொண்டு வந்தாள். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் ஆறுதல் ஒரு வார்த்தை, சுளை ஒரு கை என்று முடித்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, இன்சூரன்ஸுக்குக் காட்ட வேண்டிய சாட்சியை அயலார் தின்றுவிட்டார்கள் என்று. மிஞ்சியது கொட்டை. அதையும் அவள் உப்புப் போட்டு ஊற வைத்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். சேதம் மதிப்பிடுகிற அசெசர் நாளைக்குப் பின்னேரம் வருவார் என்றார்கள். அலுமாரியைத் திறந்து பொலிசியை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசி வரை வாசித்தேன். அங்கேதான் இருந்தது, தாங்கள் சொன்ன அதே வாசகம், அறிவிக்காமல் வாகனத்தில் மாற்றம் செய்தால் நட்டஈடு மறுக்கப்படலாம் என்று. பொலிசியில் ஏஜென்ட் என்று தங்கள் பெயர். முஹ்ஸினுக்குப் போன் எடுத்தேன். அவன் ஒரு நொடி யோசிக்கவில்லை. "லேசான வேல ஐயா. அசெசர் வரக்குள்ள பழைய வீல மாட்டிருவோம். பாத்திட்டுப் போனதும் திரும்ப இத மாட்டிருவோம். ஆருக்குத் தெரியும்?" காளிமுத்துவும் அதையே சொன்னார். தபால்காரரும் அதையே சொன்னார். ஊரில் எல்லோரும் ஒரே குரலில் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சரி என்று அசெசர் வருகிற நாள் காலையிலேயே முஹ்ஸினுடைய வேனில் அலவத்துகொடைக்குப் போனோம். ஹபீல் வீட்டில் இருந்தார், சக்கரம் இல்லை. அவருடைய சன்னி அந்தச் சக்கரங்களோடு ஏலக்காய் ஏற்ற ஹுன்னஸ்கிரியவுக்குப் போயிருந்தது. "இப்ப வந்திரும், இருங்க" என்றார். அவர் மனைவி உம்மு குல்சும் தித்திக்கத் தித்திக்க வட்டிலாப்பம் வைத்தார். பிறகு சோறு. பிறகு திரும்பவும் வட்டிலாப்பம். கார் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஹபீல் மறுபேச்சில்லாமல் ஜெக்கைப் போட்டு, முதல் நட்டைக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மச்சான், உங்கள் பெயர் இருக்கிற பொலிசிக்காக ஒருவன் என் வீட்டு வாசலில் நின்று, "இதுதான் எப்போதும் போட்டிருந்த சக்கரமா?" என்று கேட்பான், நான் "ஆமாம்" என்பேன். பிறகு அதே காரில் உங்கள் மகளை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வருவேன். குனிந்து ஹபீலின் ஸ்பேனரைப் பிடித்தேன். "ஹபீல் நானா, வேணாம். அந்த நட்ட திரும்பப் பூட்டிருங்க. உள்ளத சொல்லிட்டு வாறதப் பாத்துக்கிறேன்" என்றேன். முஹ்ஸின் தலையில் அடித்துக்கொண்டான். ஹபீல் சிரித்தார், ஆனால் என் கையைப் பிடித்து அழுத்தினார். வரும் வழியெல்லாம் நான் அசெசரிடம் சொல்லப்போகிற வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல வசனம். நிமிர்ந்து நின்று, தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டியது.

வீட்டு வாசலில் இறங்கினால் ஒரு மோட்டார் சைக்கிள். உள்ளே அசெசர் சண்முகநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், சாப்பாட்டு மேசையில் பலாக்கொட்டைக் கறியோடு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எதிரில் வடிவம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்திருந்தாள். அதுவும் பெருமையாக. "இந்த டயரு போட்ட பொறகுதாங்க ஆளுங்க திரும்பிப் பாத்தாங்க. அதுக்கு முன்னுக்குக் கோயில் வாசல்ல நின்னாக் கூட ஆட்டோன்னு நெனச்சி ஏற வந்திருவாங்க." நான் அலவத்துகொடையிலிருந்து சுமந்து வந்த வசனத்தைக் கேட்க ஒருத்தரும் இல்லை.

சண்முகநாதன் கை கழுவிவிட்டு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து டயரைப் பார்த்தார், மேலே மரத்தைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் சில்லை மாத்தினதைச் சொல்லாதது பிழைதான். ஓடேக்க எங்கையாவது கொண்டுபோய் இடிச்சிருந்தா, உந்தச் சில்லைக் காட்டியே கொம்பனி கையை விரிச்சிருக்கும். ஆராவது ஆளில பட்டிருந்தா இந்த வீடு வளவு கூட மிஞ்சியிராது. ஆனா நிண்ட காருக்கு மேல பழம் விழுந்ததுக்குச் சில்லு என்ன செய்யிறது? நான் உள்ளதை உள்ளபடி எழுதுறன்" என்றார். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். சொல்லாமல் போன வசனம் உள்ளே கிடந்து அரித்தது. "அதுக்கில்லைங்க. இந்த டயர் போட்டதாலதான் கார் கொட்டகைக்குள்ள போகல. போகாததாலதான் மரத்துக்குக் கீழ விட்டேன். விட்டதாலதான் பழம்..." என்று தொடங்கிவிட்டேன். வடிவம்மா முழங்கையில் கிள்ளினாள். சண்முகநாதன் பேனையை மூடினார். "ஐயா, உங்களை ஆர் இப்ப கேட்டது? அப்பிடிப் பாத்தா அந்தக் கொட்டிலைக் கட்டினவனையும் எல்லோ பிடிக்கோணும்?"

"அதுவும் நான்தாங்க" என்றேன்.

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மரத்தில் மிச்சமிருந்த பழமும் விழுந்துவிடுமோ என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

மச்சான், போன வாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கூரைக்கும் கண்ணாடிக்கும் தருகிறார்கள். சக்கர விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: ஒன்று பழையபடி மாற்ற வேண்டும், அல்லது மட்காட்டுக்குள் அடங்குகிற சக்கரமாகப் போட்டு, முறைப்படி அறிவித்து, பிரீமியம் கூடக் கட்ட வேண்டும். எனக்குப் புத்தி வந்துவிட்டது. ஹபீலிடம் சொல்லிப் பழைய சக்கரங்களை வாங்கி மாட்டி, அலோய் வீலை முஹ்ஸினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூரையைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, கார் கொட்டகைக்குள் பத்திரமாக நிற்கிறது. கல்யாணத்துக்கு அடக்கமாக, எந்தப் பகட்டும் இல்லாமல் வந்து நிற்கும். இந்த வயதில் மனிதனுக்கு அடக்கம்தான் அழகு என்பதை நான் நன்றாக உணர்ந்துகொண்டேன். இனி வண்டியில் ஒரு பல்பு மாற்றினாலும் முதல் கடிதம் தங்களுக்குத்தான்.

அக்காவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். பரிமளமும் மாப்பிள்ளையும் நிறைந்த ஆயுளோடும் வளைவில்லாத பாதையோடும் வாழப் பிள்ளையார் துணை நிற்பார்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை இனியாவது கேட்கும்,
அழகமுத்து

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் வடிவம்மா இதை முழுதாக வாசித்துவிட்டாள். "அடக்கம் கிடக்கம்னு என்னத்த எழுதி வச்சிருக்கீங்க? எங்கண்ணன் மக அந்த ஆட்டோச் சக்கரத்துலயா போவா?" என்கிறாள். கம்பெனிக் கடிதம் வந்த உடனேயே சண்முகநாதனிடம் போனில் விவரம் கேட்டு, முஹ்ஸினைக் கொண்டு மட்காட்டுக்குள் அடங்குகிற வேறு ஒரு அலோய் வீல் செட் தேடிப் பிடித்து, கம்பெனிக்கு அறிவித்து, கூடுதல் பிரீமியமும் கட்டிவிட்டாளாம். கையெழுத்தும் என்னுடையதுதான். நேற்று நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது வாங்கினாள், மின்சார பில் என்று நினைத்தேன். முஹ்ஸின் இப்போது வாசலில் நின்று மாட்டிக்கொண்டிருக்கிறான். பார்க்க, சொல்லக்கூடாது, முந்தினதைவிட அழகு. ஆகையால் மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடவும்.