மச்சினன் வளர்த்த ஆப்பிரிக்கக் கெளுத்தி

சேரப்பணஞ்சேரி ஏரியின் நாட்டு மீன்களைக் காப்பாற்றியே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது என் கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன. தூக்கம் கெட்டால் அப்படித்தான் சிவக்கும். ஆனாலும் முடிவு முடிவுதான்.

ஒரகடத்துக் கியர் கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து படுக்க, மாமனார் வீட்டில் ஃபேன் உள்ள அறை ஒன்றே ஒன்று. படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுவதை விட்டுவிட்டு வந்த என் மச்சினன் அஸ்வின் அதைப் பிடித்துக்கொண்டான். கொல்லையில் பள்ளம் வெட்டித் தார்ப்பாய் விரித்து ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கிறானாம். அது கோழிக்கழிவு தின்னும், தவளை தின்னும், அசந்தால் வாளியையும் தின்னும். அது தின்னட்டும் என்று விட்டுவிட்டு அஸ்வின் பகலெல்லாம் ஃபேனடியில் தூங்குவான். நான் அடுப்படியில் புரண்டுகொண்டிருப்பேன். கெளுத்தி போனால் மச்சினன் ஆட்டோவுக்குத் திரும்புவான், ஃபேன் எனக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

என் மனைவி ஏலவார்குழலியிடம் பேச்சை எடுத்தேன்.

"ஏட்டி குழலி, அது அரசாங்கமே தடை பண்ணுன மீனு, தெரியுமா?"

"அதுக்கின்னா இப்போ?"

"மழை வந்தா பள்ளம் ரொம்பிரும். கெளுத்தி ஈரத்துலயே நெளிஞ்சு ஏரிக்குப் போயிரும். அப்புறம் விரால், குரவை, கெண்டை ஒண்ணு மிஞ்சாது!"

"தட்டுல வெச்சாலே உனக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. மீனு மேல இன்னா திடீர் பாசம்?"

"நாட்டு மீனுட்டி! எங்கிருந்தோ வந்துட்டு, இங்க உள்ளதைப் பூராத் தின்னுக்கிட்டு, எடத்தை அடைச்சுக்கிட்டு... இரக்கமே பாக்காம வெளியேத்தணும்!"

"மீன சொல்றியா, என் தம்பிய சொல்றியா?"

"மீனைத்தான்! சத்தியமா மீனைத்தான்!"

குழலி யோசித்தாள்.

"நீ சொல்றது நாயந்தான்யா" என்றாள்.

கல்யாணமாகி அன்றுவரை அவள் வாயில் வராத வாக்கியம். அன்று இரவு லைனில் நின்றபடியே விசிலடித்தேன். சத்தம் மெஷினிலிருந்துதான் வருகிறது, ஏதோ கோளாறு என்று நினைத்து சூப்பர்வைசர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார்.

காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினேன். தெரு முழுக்கக் கெளுத்திக் குழம்பு மணத்தது. ஜெயித்துவிட்டேன்! மச்சினன் மூட்டை கட்டியிருப்பான் என்று அறைக்கு ஓடினேன். ஃபேன் சுற்றியது. அதன் அடியில் அஸ்வின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் இன்னும் கெளம்பலியா?" என்று குழலியிடம் கேட்டேன்.

"எங்க கெளம்புவான்? கெளுத்தியெல்லாம் வாரிட்டு, வெடிகாலைல ஏரியில எறங்கி விரால் குஞ்சு புட்சாந்து பள்ளத்துல வுட்ருக்கான். உனக்கோசரந்தான். புள்ள களைச்சிப் பூட்டான்."

கொல்லைக்குப் போனேன். பள்ளத்தில் சிவப்புச் சிவப்பாக விரால் குஞ்சுகள் மொய்த்தன. கரையில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் தகர டப்பா, குச்சி, குடை.

"இதெல்லாம் எதுக்கு?"

"கொக்கு வந்தா டப்பாவத் தட்டு. ஏரியில ஜிலேபி மீனு ரொம்பிக்கினு கீது, அதுவும் வெளிநாட்டு மீனுதான். அத்த ஒழிக்கிற வரைக்கும் குஞ்சுங்க இங்கதான் வளரணும்."

"பகல்ல கொக்கு வெரட்டுனா நான் எப்போ தூங்க?"

"விரால்ல ஆம்பளதான் குஞ்சுக்குக் காவலாம். அது தூங்குதா?"

"அப்போ அஸ்வினும் ஆம்பளதான! அவன் உக்காரட்டும், நான் ஃபேனடிக்குப் போறேன்!"

குழலி பொறுமையாகக் குடையை விரித்து என் கையில் கொடுத்தாள்.

"அவன் இந்த வூட்லயே பொறந்தவன்யா. கோவில்பட்டிலேர்ந்து பொட்டியோட வந்து பூந்தது யாரு?"