ஆளி எண்ணெயும் வெள்ளிக்கிழமை வாத்தும்

வாழ்நாளில் ஒரே ஒரு பொருளையாவது தங்கப் பூச்சு இல்லாமல் செய்து பார்த்துவிட வேண்டும் என்று வக்தி முடிவெடுத்தான்.

தும்யாத்தில் இருந்துகொண்டு இப்படி முடிவெடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. எகிப்தில் எந்த மூலையில் கல்யாணம் என்றாலும் பெண் வீட்டு வரவேற்பறைக்கு நாற்காலி இங்கிருந்துதான் போகும். போகிற நாற்காலிக்குக் கால் வளைந்திருக்கும். வளைந்த காலுக்குத் தங்கம் பூசியிருக்கும். வக்தி அந்தக் கால்களைச் செதுக்கியே முடி நரைத்தவன். நரைத்த முடியிலும் தங்கத்தூள். பட்டறையில் அவன் தும்மினால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பெருநாள் களை வந்துவிடும்.

அந்த ஒரே ஒரு பொருள் ஒரு மின்சார கிடார்.

வாலிபத்தில் அவன் ராஸ் எல்-பர் கடற்கரைக் கல்யாணங்களில் கிடார் வாசித்தவன். எல்லாம் இரவல் கிடார். கல்யாணமானதும் இரவல் கொடுப்பதை நண்பர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இப்போது டிரம்ஸ் ஷாக்கிரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பழைய கோஷ்டி கூடி வாசிப்பதாக ஏற்பாடு. வருகிறேன், அதுவும் சொந்தக் கிடாரோடு வருகிறேன் என்று வக்தி வாக்குக் கொடுத்துவிட்டான்.

கட்டையை அறுத்துச் செய்து கொடுத்தது எதிர்ப்பட்டறை ஹெல்மி. சோபா செய்கிறவன், வக்தியை உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றே கூப்பிடுகிற பால்ய நண்பன். நாடாவை எடுத்து வக்தியின் தொப்பையைச் சுற்றி அளந்தான். கிடாரின் முதுகை அந்த வளைவுக்குத் தக்கபடி குடைந்தான்.

"இடம் விட்டாச்சு உஸ்தா. உக்காந்தா அப்படியே பொருந்தும். இனிமே நீ இளைக்க மட்டும் கூடாது."

"நானாவது இளைக்கிறதாவது? இன்ஸாஃப் கையால சாப்பிடறவன்டா நான்!"

இன்ஸாஃப் அவன் மனைவி. மகன் ஹாதியின் பேரை வைத்து அவனை அபூ ஹாதி என்றும் அவளை உம்மு ஹாதி என்றும் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வெங்காயம் வதக்கி உள்ளே அடைத்து அவள் செய்கிற வாத்தின் வாசனைக்கு நாலாம் மாடிக்காரர் இறங்கி வந்து சலாம் சொல்லிவிட்டுப் போவார்.

சிக்கல் மரத்தில் இருந்தது. கிடாருக்கு ஹெல்மி அறுத்தது நல்ல அக்ரூட் பலகை. அது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பல வருடமாகச் சாய்ந்து நின்ற பலகை. இன்ஸாஃபுக்குத் தலை வார ஒரு கண்ணாடி மேசை செய்து தருவதாக வக்தி வாங்கி வைத்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கண்ணாடி மேசை செய்து அனுப்பியவனின் மனைவி, குளியலறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கும் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பலகையில பூச்சி விழுந்திருச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றான் வக்தி.

இன்ஸாஃப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பூச்சியா? பாவம். நம்ம வீட்டுக்கு வந்து அதாவது வயிறார சாப்பிட்டுச்சே."

அத்தோடு விட்டுவிட்டாள். பெரிய கண்டம் தாண்டியது போல வக்தி மூச்சு விட்டான்.

இனி எண்ணெய் பூச வேண்டியதுதான் பாக்கி. அதை மட்டும் தன் கையால் செய்ய வேண்டும் என்று வக்தி பிடிவாதமாக இருந்தான். வார்னிஷ் கூடாது, நிறம் கூடாது, வெறும் எண்ணெய். ஆனால் எங்கே வைத்துப் பூசுவது? பட்டறை முழுக்கத் தங்கத்தூள் மிதந்தது.

"ஈர எண்ணெய் மேல தங்கம் உக்காந்தா உன் சபதம் அவ்வளவுதான். தூசியே இல்லாத இடமாப் பாரு" என்றான் ஹெல்மி.

தும்யாத்தில் தூசி இல்லாத இடம் ஒன்றுதான் உண்டு. அவரவர் வீட்டு வரவேற்பறை. விருந்தாளிக்கென்று பூட்டி வைத்து, விருந்தாளி வந்தாலும் திறக்காத அறை. வக்தி வீட்டிலும் அப்படித்தான். நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. சாவி இன்ஸாஃபின் இடுப்பில் கிடந்தது.

"உள்ள ஒரு நாற்காலி கால் ஆடுது. சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து சரி பண்ணலாம்னு பார்க்கிறேன்."

"உக்காராத நாற்காலி எப்படிங்க ஆடும்?"

"காத்துல."

அவள் இரண்டு சாவியில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். "மெதுவாவே செய்ங்க. யாரு வரப்போறா."

அடுத்தது வாசனை. பெயின்ட் கடை எண்ணெயைத் திறந்தால் மாடிப்படி முழுக்கத் தெரிந்துவிடும். இங்கேதான் வக்தியின் மூளை வேலை செய்தது. ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு நல்லது. அதே ஆளிவிதையைச் செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயைத்தான் ஊரே காலையில் மொச்சை மசியல் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறது. சமையல் வாசனையோடு ஒரு திருட்டுத்தனம் செய்தால் உலகத்தில் எந்த மனைவி கண்டுபிடிப்பாள்?

"பச்சை எண்ணெய் லேசுல காயாது. ஒரு பூச்சுக்கு ஒரு வாரம்கூட இழுக்கும்" என்று ஹெல்மி எச்சரித்தான். "இன்னொண்ணு. துடைச்ச துணியச் சுருட்டி வைக்காத. தானா சூடேறிப் பத்திக்கும். விரிச்சுக் காயப் போடு."

கட்டையை ஈரத்துணியால் துடைத்தான். சிலிர்த்து எழுந்த நாரை உப்புத்தாளால் தேய்த்தான். பிறகு பழைய பனியனைக் கிழித்து எண்ணெயில் தோய்த்து முதல் பூச்சைப் பூசினான். அட்டைப்பெட்டி மாதிரி மங்கிக் கிடந்த மரம் கண்ணெதிரே கறுத்து, சிவந்து, கோடு கோடாக விழித்துக்கொண்டது. குளித்துவிட்டு வந்த குதிரையின் முதுகு போல் இருந்தது. இத்தனை வருடம் இதன் மேலா தங்கம் பூசினோம் என்று வக்திக்குத் தோன்றியது. ஊறட்டும் என்று விட்டு, மிச்சத்தைச் சொட்டில்லாமல் துடைத்தெடுத்து, சோபாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டித் துணி போர்த்திவிட்டு வெளியே வந்தான்.

"என்ன வாசனை இது?" என்றாள் இன்ஸாஃப்.

"எது?"

"உங்க கையில."

"ஓ, மொச்சை. வர்ற வழியில வண்டிக்காரன்கிட்ட சாப்பிட்டேன். எண்ணெயக் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டான்."

"தும்யாத்துல தாராளமா ஊத்தினானா? எந்த ஊர்க்காரன் அவன்?"

"மன்சூரா பக்கம்."

"அதானே பார்த்தேன். அப்ப நான் சமைச்சு வெச்சது?"

"அதுக்கென்ன, அதையும் சாப்பிடறேன்."

"வேணாம் வேணாம், வயிறு என்னத்துக்கு ஆகும்? மொச்சைன்னா இவ்வளவு உயிர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அபூ ஹாதி. நான் பாட்டுக்கு இத்தனை வருஷமா என்னென்னவோ சமைச்சுப் போட்டுட்டேன்."

மறுநாள் காலை மொச்சை. நியாயந்தான், ஊரே சாப்பிடுகிறது. மதியமும் மொச்சை. ராத்திரியும் மொச்சை, மேலே ஆளி எண்ணெய் குளம் கட்டி நின்றது. வக்தி சிரித்த முகமாகச் சாப்பிட்டான். வேறு வழி?

எண்ணெய்த் துணியைப் பால்கனிக் கயிற்றில் விரித்துப் போட்டிருந்தான். இன்ஸாஃப் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது உங்க பனியன்தானே?"

"ஆமா. வாயத் துடைச்சேன்."

"மொச்சை சாப்பிட்டு வாய் துடைக்க ஒரு முழு பனியனா? சாப்பிட்டீங்களா, அதுல குளிச்சீங்களா?"

"அந்த மன்சூராக்காரன்தான்..."

"ரொம்பத்தான் தாராளம். நீங்க அங்கயே போங்க, நல்ல மனுஷன்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து படியேறும்போதே வாத்து வாசனை இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனது. நாலாம் மாடிக்காரர் வாசலில் சலாம் சொல்லிக்கொண்டிருந்தார். வக்தி சட்டைக் கையை மடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தான். முன்னால் வந்து நின்றது மொச்சை மசியல்.

"இன்ஸாஃப், இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"வாத்து வாசனை வருது."

"வாத்து செஞ்சா வாத்து வாசனைதானே வரும்?"

"அப்ப இது?"

"இது உங்களுக்குன்னு தனியா. வெள்ளிக்கிழமை அந்த வண்டிக்காரன் வரமாட்டானே, மனுஷன் ஏங்கிப் போயிருவாரேன்னு நானே செக்குக்குப் போய் எண்ணெய் வாங்கிட்டு வந்தேன்."

"ஒரே ஒரு கால்..."

"மொச்சை மேல வாத்து ஆகாது. நெஞ்சு கரிக்கும்."

"என் பங்கு என்ன ஆச்சு?"

"ஒரு ஏழைக்குக் கொடுத்தனுப்பிட்டேன். உங்க பேரைச் சொல்லித்தான். நன்மை பூரா உங்களுக்கு."

"யாரு அந்த ஏழை?"

"தர்மம் பண்ணிட்டு ஆளைச் சொல்லிக் காட்டச் சொல்றீங்களா? அல்லாஹ் மன்னிக்கட்டும்."

வக்தி அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரொட்டியைக் கிள்ளினான்.

இப்படியே வாரங்கள் போயின. பூச்சுக்கு மேல் பூச்சு. ஒவ்வொன்றும் காயும்வரை பொய்யும் காயாமல் நிற்க வேண்டியிருந்தது. வரவேற்பறை மட்டும் அவனுக்கு ஆறுதல். வெள்ளைத் துணி போர்த்திய உருவங்களுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்து, கட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நடுவில் ஏதோ ஒரு வாரத்திலிருந்து, சன்னல் பக்கம் போர்த்திக் கிடந்த ஏதோ ஒன்று எண்ணெய்ப் போத்தல் வைக்க வாகாக இருந்தது. சரியாக இடுப்பு உயரம். அது என்ன என்று அவன் யோசிக்கவில்லை. சொந்த வரவேற்பறையில் உட்கார்ந்தே பழக்கமில்லாதவனுக்கு அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எப்படித் தெரியும்?

பட்டறைத் தெருவில் வேறு ஒரு மாற்றம். சனிக்கிழமைகளில் ஹெல்மி உற்சாகமாக இருந்தான். பாட்டு முணுமுணுத்தான். எல்லாரும் கூடிச் சாப்பிடும்போது மட்டும் விலகி உட்கார்ந்தான்.

"சாப்பிடலையா?"

"நேத்து சாப்பிட்டதே இன்னும் இங்க நிக்குது உஸ்தா" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "நீ என்ன, கழுத்தெலும்பெல்லாம் தெரியுது? வீட்ல ஒழுங்கா சாப்பிடறியா?"

"மொச்சை" என்றான் வக்தி.

"உடம்புக்கு நல்லதுப்பா" என்றான் ஹெல்மி, மிகுந்த அக்கறையுடன்.

கடைசிப் பூச்சு காய்ந்தது. விரலை வைத்தால் ஒட்டவில்லை, வாசனையும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மின் இணைப்புகளைப் பொருத்தினான். குமிழ்களைத் திருகினான். கம்பி கட்டிச் சுருதி சேர்த்தான். தோளில் மாட்டி உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று இடித்தது. அதாவது, எதுவுமே இடிக்கவில்லை. குடைந்த முதுகுக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்குக் காற்று இருந்தது. கிடார் நழுவியது. பரவாயில்லை, கல்யாண வீட்டில் முதலில் நன்றாகச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மதியம் இன்ஸாஃப் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அடுப்பங்கரையிலிருந்து வாத்து வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. வக்தி பூனை போல நடந்து வரவேற்பறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே, தங்கக் கால் நாற்காலியில் இன்ஸாஃப் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் மனிதப் பிறவி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மேசை. புதிதாகப் பொருத்திய ஆளுயரக் கண்ணாடி. மேல்பலகை அக்ரூட், இழைத்த மேனிக்குப் பூச்சு எதுவும் இல்லாமல் மங்கிக் கிடந்தது. சன்னல் பக்கம் அவன் போத்தல் வைத்துக்கொண்டிருந்த அதே இடம். போத்தலும் அங்கேயேதான் இருந்தது. கிடார் மேசையில் சாய்ந்து நின்றது. இன்ஸாஃப் அவசரமில்லாமல் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி.

"இன்ஸாஃப்... நானே சொல்லிரலாம்னுதான்..."

அவள் கிடாரின் மேல் விரலை ஓட்டினாள். "பூச்சி என்னமா வேலை செஞ்சிருக்கு பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு."

"இந்த மேசை... இது யாரு செஞ்சது?"

"ஹெல்மி அண்ணன்தான். நீங்க பலகையக் கொண்டுபோய்க் கொடுத்த அன்னைக்கே வந்து கேட்டாரு. 'உம்மு ஹாதி, இது உன் பலகையாச்சே, அறுக்கவா'ன்னு. அவருக்குத் தேவையானத அறுத்துக் கொடுங்க, மிச்சத்துல எனக்குச் செய்ங்கன்னுட்டேன்."

"அந்தப் படுபாவி ஓசியிலயா செஞ்சான்? தும்யாத்துக்காரனாச்சே!"

இன்ஸாஃப் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வக்தியும் பார்த்தான். வெள்ளிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக அவன் முன்னால் நடந்து போயின. அவற்றின் பின்னாலேயே சனிக்கிழமைகளும், ஹெல்மியின் முணுமுணுப்பும்.

"அந்த ஏழை..."

"உங்க பேரைச் சொல்லித்தான் கொடுத்தேன். நன்மை உங்களுக்கு, மேசை எனக்கு." சீப்பைக் கீழே வைத்தாள். "போய் நல்லா வாசிச்சுட்டு வாங்க. நானும் வர்றேன், உங்க வாசிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. நாளைக்கு ஆரம்பிங்க இதுக்கு எண்ணெய் போட. கிடாருக்குப் போட்ட அதே மாதிரி, அத்தனை பூச்சு. அவசரமே இல்ல."

வக்தி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அது ஆடவில்லை. ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் தீர்ந்தது. கிடார் பிழைத்தது. பொய் தீர்ந்தால் மொச்சையும் தீர்ந்ததுதானே என்று பசித்த வயிறு கணக்குப் போட்டது.

அழைப்பு மணி அடித்தது. ஹெல்மி. கையில் காலித் தட்டு, துணியால் மூடி மரியாதையாகக் கொண்டு வந்திருந்தான். வக்தியைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினான். பிறகு கிடாரைப் பார்த்தான்.

"அடடா, முடிச்சுட்டியா உஸ்தா! குடு, ஒரு தடவை மாட்டிப் பார்க்கறேன்."

மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குடைந்த முதுகு அவன் தொப்பையில் போய் அச்சாக உட்கார்ந்தது. துளி இடைவெளி இல்லை. ஹெல்மிக்கே வெட்கமாகிவிட்டது.

வக்தி மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். "இன்ஸாஃப், அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே. இன்னைக்காவது எனக்கு ஒரு கால்..."

"எங்க முடிஞ்சுது? இழுப்பறை ரெண்டும் இன்னும் பாக்கி" என்றபடி அவள் ஹெல்மியின் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு நடந்தாள். "போய்ச் சாப்பிடுங்க அபூ ஹாதி, மொச்சை ஆறிப்போகுது."