நானூற்றுப் பன்னிரண்டு அமத்தல்கள்

மல்லாவி,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

ரொறன்ரோவில் பனி வழித்துக் களைக்கும் அன்புப் பெறாமகன் நிரோஜனுக்கு, பெரியப்பா தங்கராசா எழுதுவது. நானும் பெரியம்மா பத்மாசனியும் மூன்று மாடுகளும் சுகம். நீயும் மருமகள் லக்சிகாவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். போனில் கதைத்தால் பெரியம்மாவின் காதில் விழும் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

தம்பி, என் முழங்கால் பழுதாகி வயலைக் குத்தகைக்குக் கொடுத்தபோது, "வீட்டிலிருந்தபடியே உழைக்கலாம் பெரியப்பா" என்று இந்த வேலையைப் பழக்கியது நீ. நான் போனில் அனுப்பும் இணைப்பை விரலால் அமத்தி யாராவது அந்த இணையக் கடையில் சாமான் வாங்கினால், நூறு ரூபாவுக்கு நாலு ரூபா எனக்கு. இதில் விளங்காதது ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பெரியம்மா தவணை போட்டுவிட்டா. "மாசி முடியிறதுக்குள்ள ஒரு ரூபாயாவது வரவேணும். இல்லாட்டி வவுனியாவில மருமோன்ரை கடையில போய்க் கல்லாவில இருங்கோ" என்கிறா. மகளைக் கட்டிய மருமகன் நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பகல் முழுக்க அவருடைய கடையில் இருந்துவிட்டு, இரவில் அவருடைய வீட்டில் விருந்தாளி மாதிரிக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட எனக்கு மனமில்லை. என் வீட்டிலேயே இருக்கத்தான் எனக்கு ஆசை. பயமாயிருக்கிறது தம்பி, மறைக்காமல் சொல்கிறேன்.

நீ தந்த நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காலை ஏழு முதல் எட்டுவரை இணைப்பு அனுப்புவது, எட்டு முதல் எட்டரைவரை வரவு பார்ப்பது, பிறகு போனைத் தொடக்கூடாது. முதல் நாள் ஏழு மணிக்கு இரவில் கடிக்கும் நுளம்பை அடிக்கிற மின்சார மட்டையின் இணைப்பை ஊராருக்கெல்லாம் அனுப்பி, "தயவுசெய்து அமத்தி உதவுங்கோ" என்று எழுதினேன். அதில்தான் பிடித்தது சனி. எங்கள் சனம் நல்ல சனம், சொன்னபடி அமத்திவிட்டது. ஏழரைக்கு ஆண்டியப்பன் அண்ணை படலையைத் திறந்துகொண்டு வருகிறார். "தங்கராசா, நான் ஆறுதரம் அமத்திப்போட்டன், மனுசி நாலுதரம். உனக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது?" என்கிறார். "மட்டை வாங்கினனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன். "மட்டையோ? அதென்னத்துக்கு?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தேத்தண்ணி குடித்து முடிய ஒன்பது மணி. அடுத்த கிழமை வேலியடைக்க வரச்சொல்லிவிட்டுப் போனார். மறுக்க முடியுமா? என் வயலில் அவர் ஒரு நாள் நின்றால் அவர் வயலில் நானும் ஒரு நாள் நிற்பதுதானே இங்கத்தைய முறை. அந்த முறைப்படி பத்து அமத்தலுக்கு அரைநாள் வேலி என்று ஊர் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது.

அதோடு விட்டதா? வீரையா பஸ்ஸில் வரும்போது பொழுது போகாமல் இருபத்துமூன்றுதரம் அமத்தினாராம், அதற்காக அவருடைய காணிப் படிவம் நிரப்ப அரசாங்கக் கச்சேரிக்குப் போய் ஒரு பகல் கியூவில் நின்றேன். ஜெயரூபி ரீச்சர் பள்ளிக்கூட இடைவேளையில் பதினைந்துதரம் அமத்திவிட்டு, பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டுக்கு அழைப்பிதழோடு வந்தா, வெறுங்கையோடு போகலாமா? நீ வரவை எழுதச் சொன்ன கொப்பியில் இடப்பக்கம் யார் எத்தனைதரம் அமத்தினது, வலப்பக்கம் நான் என்ன திருப்பிச் செய்தது என்று எழுதிக்கொண்டு வருகிறேன், வரவென்று எழுத மூன்றாவது பக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கடைக்காரரின் பக்கத்தைத் திறந்தால் அமத்தல் நானூற்றுப் பன்னிரண்டு, விற்பனை பூச்சியம். அதுவும் செவ்வாய்க்கிழமை பார்த்தால் திங்கட்கிழமைக் கணக்கைக் காட்டுகிறது. அவர்களுக்கு எந்த நாட்டு நேரமோ! நேற்றைய பூச்சியமா இன்றைய பூச்சியமா என்று கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எட்டு முதல் எட்டரைவரை என்று நீ போட்ட வேலை பின்னேரம் மாடு கட்டும்வரை இழுக்கிறது. வயல் செய்த காலத்தில் கூட நான் இவ்வளவு களைத்ததில்லை.

மாசி முடிய இன்னும் ஐந்து நாள்தான். ஆகவே என் பெயரிலுள்ள கணக்கை நீ அங்கிருந்தே மூடிவிடு. எப்படி மூடுவதென்று எனக்கு விளங்கவில்லை. மூடுகிற இடத்தைத் தேடி அமத்தினால், திறந்த அன்று வந்த "வாழ்த்துக்கள்" தான் திரும்பவும் வருகிறது. நான் வவுனியாவுக்குப் போகிறேன். உனக்கு நோய்நொடி அணுகாமல், பனியில் கால் வழுக்காமல், கேட்டதெல்லாம் கிடைத்து நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

பெரியப்பா,
க. தங்கராசா.

பி.கு.: கடிதம் தபாலில் சேர முந்தி ஒரு சங்கதி. திங்கட்கிழமை பார்த்தால் விற்பனை ஒன்று! ரைஸ் குக்கர். எந்தப் புண்ணியவான் வாங்கினது என்று இரண்டு நாள் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தேன், எல்லாரும் "நான் அமத்தினது மட்டுந்தான்" என்று சத்தியம் பண்ணினார்கள். இன்று பார்சல் எங்கள் வீட்டுக்கே வந்தது, பெயர் பத்மாசனி. குசினியில் நல்ல குக்கர் இருக்கும்போதே முட்டை விற்ற காசில் வாங்கியிருக்கிறா. கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல், "காசு வந்திட்டுதுதானே, இனி வவுனியாக் கதை கதைக்கவேண்டாம்" என்றா. சொந்த வீட்டில் வாங்கினால் கொமிசன் வராது என்று நீ முதலே சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அவவுக்குச் சொல்லவில்லை. நூற்றுத்தொண்ணூறு ரூபா வந்தது என்று சொல்லிவிட்டேன். நீயும் வாய்திறக்காதே, கணக்கையும் மூடாதே.